நாலு செயினும் ஒரு வாயும்

ஊர் உலகத்தில் டிராக்டர்தான் ட்ரெய்லரை இழுக்கும். எங்கள் தொழிலில் ட்ரெய்லர் டிராக்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும்.

சுமை கட்டிப் பிழைக்கிற சொந்தங்களே, பைக்குக்குப் பின்னால் கேஸ் சிலிண்டரைக் கயிறு போட்டுக் கொண்டுபோனவர்களே, வீடு மாறும்போது பீரோ சரியாக நிற்கிறதா என்று பாதி வழியில் திரும்பித் திரும்பிப் பார்த்தவர்களே, நீங்கள் பட்டதைத்தான் நானும் தினம் படுகிறேன். என் பெயர் காவேரி. வயது பத்தொன்பது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்தேன். வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். வராத பையன்களுக்கெல்லாம் அவனவன் குரலிலேயே ‘பிரசெண்ட் சார்’ சொன்னதும் நான் ஒருத்திதான். கடைசி வரை வாத்தியாருக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்கு நான் பாஸாகிவிட்டேன்.

என் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், ஒரு லாரித் தலையும், அதற்குப் பின்னால் தரையை ஒட்டிப் போகிற ஒரு ட்ரெய்லரும் இருக்கின்றன. திருப்பதி ஷோரூம் யார்டில் புது டிராக்டரை ஏற்றி, வாங்கினவர் ஊரில் கொண்டுபோய் இறக்குவது வேலை. நைனா ஓட்டுவார். டிராக்டரை ட்ரெய்லரோடு சேர்த்து நாலு மூலைக்கு நாலு செயின் போட்டு இறுக்க வேண்டும். வலது பக்கத்து இரண்டும் மஸ்தான் பாய்; நைனாவோடு இருபது வருஷமாக வண்டியில் இருக்கிறவர். இடது பக்கத்து இரண்டும் நான். இறுக்கி முடித்தவர் அவரவர் மூலையில் நின்று ‘முன்னாடி டைட்’, ‘பின்னாடி டைட்’ என்று குரல் கொடுக்க வேண்டும். நாலு குரல் காதில் விழுந்த பிறகுதான் நைனா கியர் போடுவார். இந்த ஏற்பாட்டில் இருக்கிற ஓட்டை உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் அத்தை சூப்பர்வைசர். என்னையும் அங்கே சேர்த்துவிட ஒற்றைக்காலில் நின்றார். நைனாவுக்கும் பாதி மனசு. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். “மாங்கா சீசன் முடியற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ட்ரெய்லர் மேல டிராக்டரு ஒரு விரக்கடை நவுந்தாலும், மறுநாள் காலையில ஸ்ரீசிட்டி பஸ்ஸு.” எனக்குக் கூரைக்குக் கீழே நின்று நாள் முழுக்க ஒரே ஸ்க்ரூவைத் திருக முடியாது. எனக்கு ரோடு வேண்டும், ஊருக்கொரு குரல் வேண்டும். சரி என்றேன். ஒரு விரக்கடைதானே, ஒரு விரல் அகலம், பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

ஸ்டீரிங் பிடித்துக்கொண்டு வருகிறவர்

சித்தூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஒரு மாலை, டிராக்டர் கழுத்தில் ஒரு மாலை. ஏற்றிக் கட்டி முடித்துத் திரும்பினால் ஆள் மேலே ஏறி டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குள் அப்படியே போய் இறங்க வேண்டுமாம். நைனா பக்குவமாகச் சொன்னார்: “அண்ணா, ஓடற ட்ரெய்லர் மேல ஆளு உக்காரக்கூடாதுண்ணா. சட்டம் ஒத்துக்காது. செயின் ஒண்ணு அறுந்தா நீதான் மொதல்ல போவ.” அண்ணன் அசையவில்லை. “நான் என்ன சும்மாவா உக்காரப்போறேன்? ஸ்டீரிங்க நல்லா புடிச்சிக்கினுதான் வருவேன்” என்றார்.

நான் ட்ரெய்லருக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தேன். எங்கள் ரோட்டில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் உண்டு. மூக்கும் தொண்டையும் சேர்ந்து வருகிற குரல். அந்தக் குரலை எடுத்தேன். “எவரய்யா பைன? திகு. முந்து திகு.” மேலே யாரய்யா, முதலில் இறங்கு என்று தெலுங்கில். அண்ணன் இறங்கவில்லை, குதித்தார். மாலையோடு கேபினுக்குள் ஏறி, நைனாவுக்கும் மஸ்தான் பாய்க்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டார். நான் பின்பக்கத்துப் படுக்கைப் பலகையில் படுத்து, துப்பட்டாவை வாயில் வைத்து, தூரத்தில் ஜீப்பிலிருந்து வருகிற மாதிரி அவ்வப்போது இரண்டு ‘திகு’ விட்டுக்கொண்டே வந்தேன். ஊர் வந்தும் அண்ணன் கீழே இறங்கவில்லை. நைனாவின் காதருகில் கேட்டார்: “சார் போயிட்டாரா? வீடு வரைக்கும் கூடவே வர்றாரு போல, என்னா கடமைப்பா அந்த மனுசனுக்கு.”

நிஜக் குரல்

வினை விதைத்தால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் போட்டிருப்பார்களே, அது அடுத்த வாரமே அறுவடைக்கு வந்தது. சித்தூர் ரோட்டில் ஓர் ஓரமாக வண்டியை நிறுத்தி, நைனா பின்னால் போய் சிவப்புக் கொடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் கேபினில் இருந்தேன். மூக்கும் தொண்டையும் சேர்ந்த அதே குரல் பின்னாலிருந்து கேட்டது: “எவரய்யா டிரைவரு? பேப்பர்லு தே.” டிரைவர் யார், பேப்பரைக் கொடு என்று. நைனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடியின் முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டே சொன்னார்: “வாய மூட்றி கழுத. ஒரு தடவ சிரிச்சாச்சு, போதும்.”

கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த நான் கேபினிலிருந்து குதித்தேன். நைனா திரும்பினார். நிஜமான சார், நிஜமான தொப்பி. நான் ஓடிப்போய் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறி, “எங்க, ஒருதபா செய்யி” என்றார். செய்தேன். சொந்தக் குரலை முதல் தடவை கேட்கிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

பிறகு வேலையைப் பார்த்தார். ஷோரூம் பில், தற்காலிகப் பதிவுச் சீட்டு, இன்சூரன்ஸ். டயர் ட்ரெய்லர் விளிம்புக்கு வெளியே நிற்கிறதா, டிராக்டர் கூரையின் உயரம் எவ்வளவு, கொடி இருக்கிறதா. ஒவ்வொரு செயினாகக் கையில் பிடித்து உலுக்கினார். ஒன்றும் அசையவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கடைசியாகக் கேபினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நைனாவிடம் சொன்னார்: “டிராக்டருக்கு நாலு செயின் போட்டிருக்கீங்க, சந்தோஷம். டிரைவருக்கு இருக்கறது ஒரே ஒரு பெல்ட்டு, அது எதுக்கு சீட்டுக்கு அடியில தூங்கினு இருக்குது?”

டப்பா

டிராக்டரின் சைலன்ஸர் மேலே பார்த்து நிற்கும். ட்ரெய்லரில் போகும்போது எதிர்க்காற்று அதற்குள் புகுந்தால், இன்ஜின் ஓடாமலேயே உள்ளே இருக்கிற டர்போ என்கிற காற்றாடி சுற்றும். எண்ணெய் போகாமல் சுற்றினால் தேய்ந்துவிடும். அதனால் பெயிண்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்து, டேப் போட்டு ஒட்டிவிடுவது என் வழக்கம். புத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இதையெல்லாம் ஷோரூம் மேனேஜர் குரலில், கழுத்து டையைச் சரிசெய்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முடிந்ததும், “எல்லாஞ் சரி பாப்பா, அப்படியே அந்த டப்பாக்கு ரெண்டு கண்ணும் ஒரு மீசையும் போட்டுடு, வயல்ல நிக்கும்போது திருஷ்டிக்கும் ஆவும்” என்றார்.

புத்தூர்க் கை

இன்னொரு நாள், அதே புத்தூர்ப் பக்கத்து லோடு. இந்தத் தடவை வாடிக்கையாளருக்கு இடது கை முழுக்கக் கட்டு. மாடியிலிருந்து விழுந்து, புத்தூரில் போய் எலும்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டோடு நேராக யார்டுக்கு வந்திருந்தார். வேலை செய்ய முடியாதவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கத்தானே வேண்டும்? பார்த்தார். நானும் காட்டினேன். செயினை எங்கே வேண்டுமானாலும் மாட்டக்கூடாது. முன்பக்கம் ஆக்சிலைத் தாங்குகிற இரும்பு, பின்பக்கம் வண்டி இழுக்கிற சட்டம். ஸ்டீரிங் ராடில் மாட்டினால் ராடு வளையும். கலப்பையைத் தூக்குகிற கைகளில் மாட்டினால், அவை அசைகிற கைகள், செயினும் கூடவே அசையும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இறுக்குகிற இடத்தில்தான் புத்தி கோணல் போனது. ராட்செட் என்று ஒரு சாமான். அதன் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் செயின் பல் பல்லாக இறுகும். கை வலு போதும். ஆனால் ஒரு ஆள் பார்க்கிறாரே என்று, கைப்பிடியில் மூன்றடி பைப்பைச் சொருகி, ஜிம் மாஸ்டர் குரலில் “இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு” என்று எண்ணிக்கொண்டே இழுத்தேன். டயர் பிதுங்கியது. கொக்கி முனகியது. நைனா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அந்த ஆள் கட்டுக் கையை மெல்லத் தூக்கிக் காட்டினார்: “எனக்குக் கட்டினவரு கூட வெரலு அசையுதா, மரத்துப் போச்சான்னு ரெண்டு தபா கேட்டாரும்மா. நீ டிராக்டர ஒரு வார்த்த கேட்டியா?”

அந்தக் குரல் என்னுதுதான்

இப்போது வெட்கப்பட வேண்டிய இடம். திருப்பதி யார்டு, உச்சி வெயில். என் இரண்டு செயினையும் இறுக்கிவிட்டேன். மஸ்தான் பாய் வலது பக்கத்துக் கொக்கிகளை மாட்டிவிட்டு, இறுக்குவதற்கு முன்னால் யார்டு கேட்டுக்கு எதிரே டீ குடிக்கப் போயிருந்தார். நான் அதைப் பார்க்கவில்லை. டிராக்டருக்கு அந்தப் பக்கம் நின்று முடித்துவிட்டார், வெயிலில் குரல் கொடுக்கத்தான் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். கேபினிலிருந்து நைனா, “ஆச்சா?” என்றார். “முன்னாடி டைட், பின்னாடி டைட்” என்று என் குரலில் சொன்னேன். வாய் அதோடு நிற்கவில்லை. “முன்னாடி டைட் அண்ணா, பின்னாடி டைட், பிஸ்மில்லா, போவலாம்.” மஸ்தான் பாயின் பீடிக் கரகரப்பு, ‘பிஸ்மில்லா’வுக்கு முன்னால் விடுகிற அந்தச் சின்ன இருமல், எல்லாம் சேர்த்து. ஐ.டி.ஐ. வருகைப் பதிவுக்குப் பிறகு நான் செய்த சிறந்த வேலை அதுதான்.

வண்டி நகர்ந்தது; நானும் பாயும் கேட்டில் ஏறிக்கொள்வதுதான் வழக்கம். கேட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை. ட்ரெய்லர் ஏறி இறங்கினதும் வலது செயின் இரண்டும் தொளதொளவென்று ஆடின. டிராக்டரின் மூக்கு ஒரு சாண் இடது பக்கம் திரும்பி, டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டையில் இடித்து நின்றது. எதிரே மஸ்தான் பாய் டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல், “ஆகு, ஆகு” என்று தெலுங்கில் நிறுத்தச் சொல்லிக்கொண்டே ஓடி வருகிறார். நைனா நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் இல்லை, வண்டியில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் ஒரு விரக்கடைக்கும் ஒரு சாணுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

நைனா கத்தவில்லை. கத்தியிருந்தால் அந்தக் குரலையும் எடுத்து வைத்திருப்பேன். மஸ்தான் பாயைப் பார்த்து, “டைட்டுன்னு சொன்னியேப்பா” என்று மட்டும் கேட்டார். பாய் என்னைப் பார்த்தார், ட்ரெய்லரைப் பார்த்தார், கையில் இருந்த டீயை ஒரு வாய் குடித்தார். பிறகு சொன்னார்: “அந்தக் குரலு என்னுதுதாண்ணா. ஆனா அதுக்குள்ள நான் இல்ல.”

இரும்பின் குரல்

அன்றைக்கே பெட்டி கட்டச் சொன்னார் நைனா. நான் வாதாடினேன். நகர்ந்தது என் பக்கம் இல்லை என்றேன், எடுபடவில்லை. இனிமேல் மிமிக்ரியே கிடையாது என்றேன். “உன் வாயிலேர்ந்து வர்றது எதையும் நம்பறதா இல்ல” என்றார். நியாயம்தான். அப்போதுதான் தோன்றியது: வாயை நம்ப வேண்டாம், இரும்பை நம்பட்டும். நாலு செயினும் இறுகினதும், வீல் ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் நான் தட்டுவேன். இறுகின செயின் ‘டிங்’ என்று கோயில் மணி மாதிரி பேசும். தளர்ந்தது ‘லொடக்’ என்று சாக்குமூட்டை மாதிரி விழும். கேபினில் உட்கார்ந்தபடியே நைனா கேட்டுக்கொள்ளலாம். கிளம்பும்போது ஒரு தடவை, கொஞ்ச தூரம் போனதும் ஒரு தடவை, நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஒரு தடவை. கூடவே, ஒவ்வொரு டயர் ஓரத்திலும் பலகையில் சாக்பீஸ் கோடு; அது நகர்ந்தால் டிராக்டர் நகர்ந்தது என்று அர்த்தம். நைனா நாலு செயினையும் தானே தட்டிப் பார்த்தார். ஒன்றை அவிழ்த்துவிட்டும் தட்டிப் பார்த்தார். “பத்து நாள்ல சாந்திபுரம் லோடு. மொகிலி மலை காட் ரோடு ஏறணும். அது வரைக்கும்தான்” என்றார்.

ஒரு வாரம் ஒழுங்காக இருந்தேன். எட்டாவது நாள், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, மூக்கால் கொஞ்சம் காற்று விட்டால் அந்த ‘டிங்’ அப்படியே வருகிறது என்று கண்டுபிடித்தேன். உதட்டைத் தொங்கப் போட்டால் ‘லொடக்’கும் வந்தது. செயினெல்லாம் நிஜமாகவே இறுகித்தான் இருந்தது, தட்டியும் பார்த்துவிட்டேன். இருந்தும் நைனா கேபினில் ஏறினதும் வாயால் மூன்று ‘டிங்’கும் ஒரு ‘லொடக்’கும் விட்டேன். பதறி இறங்கி ஓடி வந்தார். நான் சிரித்த சிரிப்பில் உண்மை தெரிந்துபோய், திரும்பி ஏறிக்கொண்டார். மஸ்தான் பாய்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்: “ஆளுங்க பேச்சத் திருடின, செரி. இரும்பு ஒண்ணுதான் பொய் சொல்லாம இருந்துச்சு பாப்பா, அதுக்கும் நாக்கு குடுத்துட்டியே.”

நசுங்காத எலுமிச்சம்பழம்

சாந்திபுரத்து மங்கம்மா. ஐம்பது வயது இருக்கும். முப்பது வருஷம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய், பிறகு குத்தகைக்கு எடுத்து, இப்போது சொந்தமாக இரண்டு ஏக்கரும் ஒரு புது டிராக்டரும். யார்டில் பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி, ட்ரெய்லர் மேலே ஏறி, டிராக்டரின் பெரிய டயர்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். நிம்மக்காய் என்றுதான் சொன்னார். வண்டி கிளம்பும்போது நசுங்கினால் கெட்டதெல்லாம் அதோடு போயிற்று என்று கணக்கு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கண் என் கையில் இருந்ததால் எனக்கு மேடை கிடைத்த சந்தோஷம். டி.வி. சமையல் நிகழ்ச்சிக்காரம்மா குரலில், “வணக்கம் நேயர்களே. இந்தக் குட்டி நாக்கை இப்படித் தள்ளினா செயின் இறுகும். அப்படித் தள்ளினா தளரும். அவ்வளவுதான், ரொம்ப ஈஸி” என்று ராட்செட்டை முழுசாக விளக்கினேன். மங்கம்மா கண் இமைக்காமல் பார்த்தார்.

சித்தூர் தாண்டி பங்காருபாளையத்தில் டீக்கு நிறுத்தினோம். மங்கம்மா டீ பழக்கமில்லை என்று வண்டியோடு நின்றுகொண்டார். நாங்கள் திரும்பி வரும்போது மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நைனா ஏறி பெல்ட்டை மாட்டினார். நான் ஸ்பேனரோடு சுற்றி வந்தேன். முன் இடது, டிங். முன் வலது, டிங். பின் வலது, லொடக். பின் இடது, என் சொந்தக் கையால் இறுக்கினது, லொடக். கேபினிலிருந்து நைனாவின் குரல் வந்தது: “வெளயாடாத காவேரி. மழ வருது.” “நைனா, நெஜமாத்தான்.” “போதும், ஏறு.” இன்ஜின் உறுமத் தொடங்கியது. மலை ஏறும்போது டிராக்டர் பின்னால் இழுக்கும். வளைவில் பிரேக் போட்டால் முன்னால் பாயும். பின் செயின் இரண்டும் இல்லாத ஒரு பாய்ச்சல் போதும். அது வந்து நிற்கிற இடம் நைனாவின் முதுகு. அவரைக் கூப்பிட எனக்கு நூறு குரல் தெரியும், நம்புகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. கண்ணாடியில் அவருக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். இடது கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். வலது கையால் செயினைத் தட்டினேன். லொடக். இன்னொரு தடவை. லொடக். இன்ஜின் நின்றது.

நைனா இறங்கி வந்து என்னைப் பார்க்கவில்லை, நேராகப் பலகையைப் பார்த்தார். சாக்பீஸ் கோடும் டயரும் ஒட்டினபடியே இருந்தன. பிரேக்கும் கியரும் பிடித்திருந்தன. ஒரு விரக்கடை என்ன, ஒரு நூல்கூட நகரவில்லை. ஆனால் பெரிய டயர்களுக்கு முன்னால் நாங்கள் முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டைகள் ஒரு சாண் தள்ளிக் கிடந்தன. கட்டை இருந்த இடத்தில் டயருக்கொரு எலுமிச்சம்பழம், பளபளவென்று, முழுசாக. மங்கம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். “நான்தான் விட்டேன். சித்தூரு வரைக்கும் வந்தாச்சு, ஒண்ணுகூட நசுங்கல. நசுங்காத நிம்மக்காயோட மொத வண்டிய எப்படி ஊருக்குள்ள கொண்டாறது? முன்னாடி போவணும்னா பின்னாடிதானே விடணும்? நாலு பல்லுதான் விட்டேன்.” நைனா நிதானமாகக் கேட்டார்: “இத எப்படித் தளத்தறதுன்னு யாரும்மா சொல்லிக் குடுத்தது?” மங்கம்மா என்னைக் காட்டினார். “இந்தப் பாப்பாதான். அந்த டி.வி.க்காரம்மா மாதிரி அழகாச் சொல்லிச்சே.”

நான் மங்கம்மாவிடம் என் சொந்தக் குரலில் சொன்னேன். அது கொஞ்சம் கீச்சென்று இருக்கும், அதனால்தான் அதிகம் எடுப்பதில்லை. “அம்மா, ட்ரெய்லர் மேல டிராக்டரு நடக்கவே கூடாது. நடந்தா நசுங்கறது நிம்மக்காய் இல்ல, முன்னாடி உக்காந்துகினு இருக்கற நாம நாலு பேரு. பழத்த மடியில எடுத்துக்கோ. உங்க ஊர்ல சாய்வுப் பலகைய எறக்குவோம். அது அடியில வெச்சிடு. டிராக்டரு சொந்தக் கால்ல எறங்கி மொத அடி வெக்கறது அங்கதான்.” அவர் யோசித்தார். “அப்ப ஊரே பாக்கும், இல்ல?” என்றார். பழங்களை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். கட்டைகளை முட்டுக் கொடுத்து, பின் செயின்களை மறுபடி இறுக்கினேன். தட்டினேன். நாலு டிங். நைனா கேபினுக்குப் போகாமல் பக்கத்தில் நின்றே நாலையும் கேட்டார். மொகிலி மலையை மழையில் ஏறினோம். மேலே போனதும் நிறுத்தித் தட்டினேன். அங்கேயும் நாலு டிங்.

சாந்திபுரத்தில் பாதித் தெரு கூடியிருந்தது. நைனா டிராக்டரைப் பின்னுக்கு எடுத்துச் சாய்வுப் பலகை வழியாக இறக்கினார். பெரிய டயர் இரண்டும் பழங்கள் மேல் ஏறின. சாறு மங்கம்மாவின் காலில் தெறித்தது. அவர் துடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து நைனாவின் சட்டைப்பையில் என் போன் அடித்தது. வேலை முடிகிற வரைக்கும் அது அவரிடம்தான் இருக்கும். அத்தை. நைனா ஸ்பீக்கரில் போட்டார். “காவேரி, நாளைக்கு வர்றியா? ஒரு எடம் காலியா இருக்குது, இன்னிக்கே சொல்லணும்.” நைனா என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, ஐம்பத்திரண்டு வயதுத் தொண்டையை ஒரு நூலில் கட்டி மேலே இழுத்து, என் கீச்சுக் குரலில் பேசினார்: “அத்தே, நான் காவேரி. நான் வரல அத்தே. இங்க நைனாக்குக் கட்டறதுக்கு ஆளு இல்ல.” அத்தை கேட்டார்: “ஏன்டி, தொண்டைக்கு என்னாச்சு? எருமக்கன்னாட்டம் கத்தற?” மஸ்தான் பாய் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மங்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, குலுங்கி முடித்த பிறகு சொன்னார்: “உங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரே செயின்ல கட்டணும்.”

ஆக சொந்தங்களே, நாலு செயினும் நாலு கட்டையும் ஒரு சிவப்புக் கொடியும் இருந்தால் இந்தப் பூமியில் எதையும் அசையாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம், எலுமிச்சம்பழத்தின் மேல் வைத்த நம்பிக்கையையும் என் வாயையும் தவிர.